பார்க்காமல் கொடுக்கும் மருந்து

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் நானாட்டானும் ஒன்று. கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் வயல் ஒரு பக்கம், வங்காலைக் கடல் மறுபக்கம். இங்கே ஒரு பெண் கர்ப்பமானால் குடும்பநல உத்தியோகத்தர் அவளைத் தேடி வீட்டுப் படலைக்கு வருவார். நிறை, இரத்த அழுத்தம், இரத்தத்தில் சீனி, சிபிலிஸ், எச்.ஐ.வி. என்று எல்லாம் பார்க்கப்பட்டுப் பதிவில் ஏறும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததன் பயன் இது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. போர் தின்ற வடக்கையும் சேர்த்துக் கிடைத்த சான்று அது.

இத்தனை ஒழுங்கான அமைப்பில் "கீழே கடிக்குது, எரியுது" என்ற முறைப்பாட்டுக்கு மட்டும் சரியான இடம் அமையவில்லை. குடும்பநல உத்தியோகத்தரின் பதிவேடு பிள்ளை பெறும் வயதிலுள்ள மணமான பெண்களைச் சுற்றியே அமைந்தது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் 35 வயதை அடைந்தவர்களை முதன்மையாகக் கருதி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய், மார்பகம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைப் பார்க்கிறது. மணமாகாத 22 வயதுப் பெண் எந்தப் பதிவேட்டில் வருவாள்? மாதவிடாய் நின்ற 60 வயது அம்மா? மன்னார்த் தீவிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்குப் போகலாம். அதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி, கடலுக்குக் குறுக்கே போட்ட பாலத்தைக் கடக்க வேண்டும். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் போகலாம். ஆனால் அந்த வாசலில் நிற்பதை ஊரார் ஒருவர் கண்டுவிட்டால் அன்று பின்னேரமே கதை வீடு வந்து சேர்ந்துவிடும். மிஞ்சுவது பாமசி. அங்கே பெரும்பாலும் நிற்பவர் ஓர் ஆண். மருந்தின் பெயரைத் துண்டுக் கடதாசியில் எழுதி, சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்து அனுப்புகிற வீடுகளும் உண்டு.

பிறப்புறுப்பு மதுவத் தொற்றைக் குணப்படுத்துவது எளிது. ஒரு குளிசையில் முடிகிற வேலை. வந்திருப்பது அந்தத் தொற்றுத்தானா என்று யாராவது ஒருவர் பார்த்துச் சொல்வதுதான் நடப்பதில்லை. இந்த நோயின் தொல்லைகளில் பெரும்பாதி அந்த ஒரு குறையிலிருந்து வருவது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த உயிரைப் பார்ப்போம். பாணுக்கும் அப்பத்துக்கும் மாவைப் புளிக்க வைக்கும் மதுவத்தின் தூரத்து உறவு, கன்டிடா அல்பிக்கன்ஸ். ஆரோக்கியமான மனிதரின் வாயிலும் குடலிலும் யோனியிலும் அது சத்தமில்லாமல் குடியிருக்கும். யோனியில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவை லாக்டோபசிலஸ் என்னும் பற்றீரியாக்கள். ஈஸ்ட்ரஜன் சுரக்கும் வயதில் யோனியின் சுவர் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. அதிலிருந்து வருவதைத் தின்று இந்தப் பற்றீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரக்க, அங்கே பி.எச். அளவு 3.8க்கும் 4.5க்கும் இடையில் நிற்கும். அந்தப் புளிப்புப் பல கிருமிகளுக்கு ஆகாது. மதுவமோ அந்தப் புளிப்பிலும் உயிரோடிருக்கும், காலம் பார்த்திருக்கும்.

காலம் வரும் வழிகள் சில. வேறெதற்கோ விழுங்கிய நுண்ணுயிர்க்கொல்லி காவல் பற்றீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரஜன் ஏறி மாச்சத்து மிகலாம். நீரிழிவு கட்டுமீறலாம். ஸ்டீரொயிட் மருந்தோ எச்.ஐ.வி.யோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கலாம். அப்போது உருண்டை வடிவிலிருந்த மதுவம் நீண்ட இழைகளாக மாறித் திசுவுக்குள் துளைக்கிறது. அந்த இழைகள் கன்டிடாலைசின் என்னும் நச்சுப் புரதத்தைச் சுரந்து கலங்களைத் துளையிடுகின்றன என்பது 2016இல்தான் தெரியவந்தது. நூறாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் அறிந்த ஒரு பங்கசின் முக்கிய ஆயுதம் நேற்றுவரை கண்ணில் படவில்லை.

இன்னொரு சங்கதியும் கவனிக்கத்தக்கது. 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சம்மதித்து முன்வந்த ஆரோக்கியமான பெண்களின் யோனியில் உயிருள்ள கன்டிடாவை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்குத்தான் கடியும் எரிவும் வந்தன. அவர்களிடத்தில் வெள்ளணுக்கள் திரண்டு வந்திருந்தன. மற்றவர்களிடம் மதுவம் இருந்தும் அந்தத் திரட்சி இல்லை. வேதனையில் கணிசமான பங்கு உடம்பு தானே எழுப்பும் கலவரத்தினுடையது. ஒருத்தியின் கன்டிடா அவளைத் தொடாமலே இருக்க, இன்னொருத்தியை அதே கன்டிடா தூங்கவிடாமல் அடிப்பதற்கு அழுக்கோ ஒழுக்கமோ காரணமல்ல.

ஒழுக்கத்தை இழுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது பாலுறவால் பரவும் நோயாகக் கருதப்படுவதில்லை. உறவே அறியாத பெண்ணுக்கும் வரும். ஆனாலும் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஆண்டறிக்கைகளில் கன்டிடா தொற்றுக்கும் ஒரு வரி உண்டு. அந்தக் கிளினிக்குகளுக்கு வருவோரிடம் அடிக்கடி காணப்படுவதால் எண்ணுகிறார்கள். எண்ணுவது சரியான காரியம். ஆனால் "எஸ்.ரி.டி. கிளினிக்கில் மருந்து எடுத்தவள்" என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டால், "யாரால் வந்தது?" என்று கேட்கும் புருசனுக்கு இந்த நுணுக்கத்தை யார் விளக்குவது?

கடி, எரிவு, சிவப்பு, உறவின்போது வலி, தயிர்க்கட்டி போன்ற வெண்மையான கசிவு, துர்நாற்றம் இல்லாமை. பாடப்புத்தகம் சொல்லும் படம் இது. நான்கில் மூன்று பெண்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைக் காண்பார்கள் என்பது மருத்துவ நூல்கள் தரும் மதிப்பீடு. படம் தெளிவாகத் தெரிவதால் பார்த்ததும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். தோன்றுவதுதான் வில்லங்கம். அமெரிக்காவில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு மதுவத் தொற்று என்று தாமே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்க வந்த 95 பெண்களை முறையாகப் பரிசோதித்தார்கள். மூவரில் ஒருவருக்குத்தான், கணக்காகச் சொன்னால் 33.7 வீதத்தினருக்கு, மதுவத் தொற்று மட்டும் இருந்தது. ஏறக்குறைய 19 வீதத்தினருக்கு பற்றீரியல் வஜினோசிஸ் என்னும் பற்றீரியாக் கோளாறு. ஐந்தில் ஒருவருக்குக் கலப்புத் தொற்று. கிட்டத்தட்ட 14 வீதத்தினருக்கு ஒரு நோயுமே இல்லை. முன்பொருமுறை டொக்டரிடம் போய் இதே நோய் என்று கேட்டறிந்தவர்களும் மற்றவர்களைவிடச் சரியாகக் கணிக்கவில்லை. எழுத்தறிவும் பணமும் உள்ள ஊரில் இது நிலை.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டின் வேலூர் மாவட்டக் கிராமங்களில் 16 முதல் 22 வயதுவரையான மணமான பெண்கள் 451 பேரிடம் 1990களின் நடுவில் எடுத்த ஆய்வு 2005இல் வெளியானது. பாதிக்கு மேல், 53 வீதத்தினர், பெண்நோய் அறிகுறி ஏதோ ஒன்று உண்டென்றார்கள். ஆய்வுகூடத்தில் தொற்று உறுதியானது 38 வீதத்தினருக்கு. அறிகுறி இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்தச் சிகிச்சையும் தேடவில்லை. ஏன் என்று கேட்டபோது வந்த விடைகள்: பக்கத்து ஆஸ்பத்திரியில் பெண் வைத்தியர் இல்லை, மறைவில்லை, தூரம், செலவு, பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் வழமைதானே. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருக்கிறது. பாக்கு நீரிணையின் இந்தக் கரையிலும் ஒரு சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் கூட்டாளிகளும் ஏறத்தாழ 2500 பெண்களிடம் செய்த ஆய்வு இன்னும் சிக்கலானது. வெள்ளைபடுகிறது என்று சொன்னவர்கள் வேறு, தொற்று உறுதியானவர்கள் வேறு என்று சொல்லும் அளவுக்கு இரண்டும் பொருந்தாமல் நின்றன. அந்த முறைப்பாடு மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் உடல் அசதியோடும்தான் நெருக்கமாக இணைந்திருந்தது. வெள்ளை போனால் உடம்பின் சத்துப் போகிறது, சூடு ஏறுகிறது, எலும்பு உருகுகிறது என்ற நம்பிக்கை நம்மிடையேயும் உண்டு. மாதச் சுழற்சியோடு கூடிக்குறையும் இயல்பான கசிவுக்குப் பயந்து மாதக்கணக்கில் இளநீரும் வெந்தயமும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். இளநீர் தீங்கில்லை. அந்தப் பயத்தின் அடியில் கிடக்கும் துக்கம் யார் காதிலும் விழாமல் போவதுதான் தீங்கு. ஆனால் இந்த ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் மனப்பிராந்தி" என்று அனுப்பிவிடவும் கூடாது. அங்கேயும் 100 பேரில் எட்டொன்பது பேருக்கு கன்டிடா இருந்தது. யார் அந்த எட்டுப் பேர் என்பது பார்த்தால்தான் தெரியும்.

பார்ப்பது பெரிய வேலையும் அல்ல. பி.எச். தாளைக் கசிவில் தொட்டால் நிறம் சொல்லும். 4.5ஐத் தாண்டினால் பற்றீரியல் வஜினோசிஸ் அல்லது டிரைகோமோனஸ் என்னும் ஒட்டுண்ணியின் பக்கம் சந்தேகம் போக வேண்டும். மதுவத் தொற்றில் அது பெரும்பாலும் இயல்பு நிலையிலேயே இருக்கும். கண்ணாடித் தட்டில் ஒரு துளி கசிவு, அதன்மேல் 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி. மற்றக் கலங்கள் கரைந்துபோக, மதுவமும் அதன் இழைகளும் நுணுக்குக்காட்டியில் தெளிவாக நிற்கும். சில நிமிட வேலை. மலேரியாவுக்காக ஒவ்வொரு இரத்தத் துளியையும் நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பார்த்தே 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றை வாங்கிய நாட்டுக்கு இது புதிய வித்தையா? சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தைப் பார்க்கும் அதே மேசையில், அதே மறைவில், வயதும் தாலியும் கேட்காமல் இதையும் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

பார்க்காமல் கொடுப்பதால் என்ன கெடும்? ஒரு சுற்றைச் சொல்கிறேன். வயலில் வெயிலில் நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க மறைவிடம் இல்லை, அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். சலக்கடுப்பு வரும். நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பார்கள். கடுப்பு நிற்கும். ஆனால் காவல் பற்றீரியாக்கள் போய், பத்து நாளில் மதுவம் கிளம்பும். புண்பட்ட வெளித்தோலில் சலம் படும்போது எரியும். அந்த எரிவைப் பழைய சலக்கடுப்பு என்று எண்ணி மறுபடி அதே நுண்ணுயிர்க்கொல்லி. இப்படிச் சுற்றிச் சுற்றி உழல்பவர்களிடம் கேட்க வேண்டியது ஒரு கேள்விதான்: எரிவு உள்ளேயா, வெளியே தோலிலா?

இரண்டாவது கேடு கலவைக் கிறீம்கள். பங்கசுக்கு ஒன்று, பற்றீரியாவுக்கு ஒன்று, நடுவில் வலுவான ஸ்டீரொயிட் ஒன்று என்று மூன்றையும் ஒரே குழாயில் அடைத்து விற்கிறார்கள். பூசினால் அன்றிரவே கடி அடங்கும். ஸ்டீரொயிட்டின் வேலை அது. பத்து நாளில் தோல் மெலியும், பங்கசு பரவும், கிறீமை நிறுத்தினால் கடி இரட்டிப்பாகத் திரும்பும். இந்தியாவில் பிடிவாதமான படர்தாமரை பரவியதற்கு இத்தகைய கிறீம்களைத் தோல் மருத்துவர்கள் குற்றஞ்சாட்டிக் களைத்துவிட்டார்கள். தொடை இடுக்குக்கே தாங்காத மருந்து அதைவிட மெல்லிய இடத்துக்கு எப்படித் தாங்கும்?

சரியான மருந்துகளுக்கு ஒரு நல்ல வரலாறு உண்டு. 1940களில் பெனிசிலினும் அதன் தொடர்ச்சியாக வந்தவையும் உலகைக் காத்தபோதே, அவற்றின் நிழலில் மதுவத் தொற்றும் பெருகியது. அதற்கு மருந்தில்லை. நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்களத்தில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் அதைத் தேடினார்கள். எலிசபெத் ஹேசன் நியூயோர்க் நகரில் நுண்ணுயிரியலாளர், ரேச்சல் பிரவுன் அல்பனியில் இரசாயனவியலாளர். ஹேசன் பல இடங்களின் மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துப் போத்தலில் அடைத்துத் தபாலில் போடுவார். பிரவுன் அதிலிருந்து வீரியமுள்ள பொருளைப் பிரித்துத் திருப்பித் தபாலில் அனுப்புவார். வேர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களது பண்ணை மண்ணில் அகப்பட்டது அவர்கள் தேடியது. 1950இல் அறிவித்தார்கள். நியூயோர்க் மாநிலத்தின் பெயரால் அதற்கு நிஸ்டாட்டின் என்று பெயர். உரிமைத் தொகையாக வந்த 130 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணத்தில் ஒரு சதமும் எடுக்காமல் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1966இல் புளோரன்ஸ் நகரில் வெள்ளம் புகுந்தபோது பூஞ்சணம் பிடித்த ஓவியங்களைக் காக்கவும் அதே மருந்து போனது என்பது ஓர் உபகதை.

இன்று முன்னணியில் நிற்பவை அசோல் வகை. குளோட்ரிமசோல் குளிசையை இரவில் யோனிக்குள் ஆழமாக வைக்க வேண்டும். 500 மில்லிகிராம் என்றால் ஓர் இரவு, 100 மில்லிகிராம் என்றால் ஆறேழு இரவுகள். வாயால் விழுங்குவதற்கு ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம், ஒரே தடவை. சாதாரணத் தொற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில், 80 முதல் 90 வீதம்வரை குணம் தரும். வீக்கமும் வெடிப்புமாகக் கடுமையாக இருந்தால் விழுங்கும் குளிசையை 72 மணி நேரம் கழித்து இன்னொருமுறை கொடுப்பார்கள். உள்ளே வைக்கும் குளிசையைக் கடைக்காரர் விளக்காமல் கொடுக்க, அதைத் தண்ணீரோடு விழுங்கியவர்கள் உண்டு. கூச்சம் செய்யும் வேலை.

கர்ப்பிணிக்கு விழுங்கும் குளிசை வேண்டாம். டென்மார்க்கின் தேசியப் பதிவுகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வு, கர்ப்பத்தில் ஃபுளுகோனசோல் எடுத்தவர்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அவர்களுக்கு ஏழு இரவு உள்ளே வைக்கும் மருந்தே முறை. சலரோகக்காரருக்கும் ஓர் எச்சரிக்கை: கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோடு ஃபுளுகோனசோல் சேர்ந்தால் இரத்தச் சீனி அபாயமாக இறங்கக்கூடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அது மிகையாக இளகும். பாமசியில் துண்டுக் கடதாசியோடு நிற்கும் பிள்ளையிடம் இதை எவரும் கேட்பதில்லை.

வீட்டு வைத்தியத்தில் பாதி நல்லது, பாதி கெடுதல். வேப்பிலை அவித்த தண்ணீரால் வெளியே கழுவினால் ஆறுதலாக இருக்கலாம், உள்ளே பீச்சிக் கழுவக் கூடாது. வாசனைச் சவர்க்காரமும் கிருமிநாசினித் திராவகமும் காவல் பற்றீரியாக்களையும் தோலையும் சேர்த்து வதைக்கும். தயிரையும் லாக்டோபசிலஸ் குளிசையையும் பலர் நம்புகிறார்கள். நுண்ணுயிர்க்கொல்லி எடுத்த பெண்களுக்கு லாக்டோபசிலஸ் கொடுத்து மெல்பேர்னில் சோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. தொற்றை அது தடுக்கவில்லை. தயிரைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிலருக்கு இது திரும்பத் திரும்ப வரும். ஓராண்டில் மூன்று முறைக்குக் குறையாமல் வந்தால் மீள்தொற்று என்று பெயர். உலகில் ஆண்டுதோறும் 13 கோடியே 80 இலட்சம் பெண்கள் இப்படி அவதிப்படுகிறார்கள் என்று 2018இல் ஒரு கணிப்பு வந்தது. முதலில் நோயை அடக்கிவிட்டு, வாரம் ஒரு ஃபுளுகோனசோல் குளிசை என்று ஆறு மாதம் கொடுப்பது இதற்கான முறை. 2004இல் வெளியான சோதனையில் அந்த ஆறு மாதமும் 90 வீதத்துக்கு மேற்பட்டவர்கள் நோயின்றி இருந்தார்கள். மருந்தை நிறுத்தி இன்னொரு ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அது 43 வீதமாக இறங்கியிருந்தது. இந்த இடத்தில் வளர்ப்புச் சோதனை கட்டாயம் வேண்டும். கன்டிடா கிளப்ராட்டா என்ற இனமாக இருந்தால் ஃபுளுகோனசோல் சரியாகக் கேட்காது, உள்ளே வைக்கும் போரிக் அமிலக் கூட்டுக்குளிசை போன்ற வேறு வழிகளுக்குப் போக வேண்டும். போரிக் அமிலத்தை விழுங்கினால் நஞ்சு. ஆகவே அது வைத்தியரின் கண்காணிப்பில் நடக்க வேண்டிய வேலை.

காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றம், இரத்தக் கசிவு, புண் ஆகியவற்றில் எது கூட இருந்தாலும் கடைமருந்தோடு நிற்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குக் கடி வந்தாலும் மதுவம் என்று முடிவுகட்ட அவசரம் வேண்டாம். ஈஸ்ட்ரஜன் குறைந்த யோனியில் மதுவம் அரிது. தோல் வறட்சியோ வேறு தோல் நோயோ இருக்கலாம். மதுவமேதான் என்று உறுதியானால் அடுத்துப் பார்க்க வேண்டியது இரத்தச் சீனி. இலங்கையின் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு என்று 2018–2019 காலத்து நாடளாவிய ஆய்வு காட்டியது. அவர்களில் பலருக்குத் தமக்கு நோய் இருப்பது தெரியாது.

ஆண்களும் இதில் விலக்கல்ல. ஆணுறுப்பின் நுனித்தோல் சிவந்து, வெடித்து, வெள்ளை படிந்து நிற்பது கன்டிடாவாக இருக்கலாம். நடுவயதுக்காரருக்கு அது சலரோகத்தின் முதல் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். மனைவிக்குத் தொற்று என்பதற்காக, அறிகுறி இல்லாத புருசனுக்கு மருந்து தேவையில்லை. அறிகுறி இருந்தால் குளோட்ரிமசோல் கிறீமோடு சீனியும் பார்க்க வேண்டும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்று இப்போது எழுதப்படும் நீரிழிவுக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை. அந்தச் சீனி மதுவத்துக்குத் தீனி. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அவை செய்யும் நன்மை பெரிது, பயந்து நிறுத்திவிடக் கூடாது. ஆனால் குளிசை தொடங்கும் அன்றே, கடி வந்தால் மறைக்காமல் வந்து சொல்லுங்கோ, சலம் போனபின் கழுவி ஈரம் துடையுங்கோ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் வாய்விட்டுச் சொல்லி, கிளினிக் கொப்பியில் எழுதியும் கொடுக்க வேண்டும்.